திருடனின் இரத்தத்துக்கும் பழி உண்டு

வீடு புகுந்தவனைக் கொல்லும் உரிமையை வீட்டுக்காரருக்குப் பைபிளே கொடுத்திருக்கிறது என்ற எண்ணம் அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் ஒரு பெரும் பிரிவினரிடம் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக நிலைத்துவிட்டது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் போதகர்களும் எழுத்தாளர்களும் முதலில் கையில் எடுப்பது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தைத்தான். கன்னமிடும்போது அகப்பட்ட திருடன் அடிபட்டு இறந்துபோனால், அடித்தவர்மேல் இரத்தப்பழி சுமராது என்பது அதன் சாரம். 1604-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை என்று சொல்லிவைத்தது. அந்தக் கொள்கைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனாய் மலையில் கையெழுத்துப் போடப்பட்டுவிட்டது என்கிறார்கள் இவர்கள்.

இது தவறு. சிறிய பிசகு என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. ஒரு சட்டத்தின் முதல் பாதியை வாசித்துவிட்டு, அதன் கருத்து முழுமையாகும் இடத்தில் புத்தகத்தை மூடிவைப்பதால் வருவது. 3-ஆம் வசனம் அதே திருடனைப் பற்றித்தான் பேசுகிறது. பொழுது விடிந்த பிறகு அவனை அடித்துக் கொன்றால், கொன்றவர்மேல் இரத்தப்பழி உண்டு. திருடன் ஈடு கட்டியாக வேண்டும். கட்ட வழியில்லாவிட்டால் அவன் விற்கப்பட வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு சட்டம். இதிலிருந்து முதல் துண்டை மட்டும் வெட்டியெடுத்துத் துப்பாக்கியின் பிடியில் ஒட்டிவைப்பதை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நள்ளிரவில் பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் யாரோ நுழைவதை உணர்ந்து, பயத்தில் கையில் கிடைத்ததை எடுத்து ஓங்கியவரைக் கொலைகாரர் என்று சொல்ல நான் வரவில்லை. வேதமும் அவரை அப்படிச் சொல்லவில்லை. என் வாதம் அவரோடு அல்ல; அவருடைய நடுக்கத்துக்கு வேதம் காட்டிய இரக்கத்தைப் பிடுங்கி, நடுக்கமே இல்லாத ஒருவர் கையில் உரிமைப் பத்திரமாகக் கொடுப்பவர்களோடு.

அந்தச் சட்டம் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்கலாம். கல் அடித்தளத்தின்மேல், வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லை அடுக்கி, மேலே மண் பூசிய சுவர். கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டிருப்பார்கள். அதைப் பெயர்ப்பதைவிடச் சுவரைக் குடைவது சுலபம், சத்தமும் குறைவு. இருட்டில் வீடுகளைக் கன்னமிடுகிறவர்களைப் பற்றி யோபின் புத்தகம் பேசுகிறது. கன்னமிட்டுத் திருடுவதை மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் எல்லாரும் அறிந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறார். மண்சுவர் வீடுகள் நிறைந்த காலத்துத் தமிழ்க் கிராமங்களில் கன்னக்கோல் பற்றிய கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவர் நிலை என்ன? குடும்பம் முழுவதும் நெருங்கிப் படுத்திருக்கிறது. ஆடும் மாடும் அதே கூரையின் கீழ்தான். உள்ளங்கை அளவு மண் அகல் எரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் கும்மிருட்டு. சுவரின் அடிப்புறத்தில் சுரண்டும் சத்தம். மண் பொலபொலவென்று உதிர்கிறது. ஒரு துளை விழுந்து பெரிதாகிறது. அதன் வழியே ஒரு தலையோ கையோ நீள்கிறது. வந்தவன் ஒருவனா, வெளியே இன்னும் நாலுபேர் நிற்கிறார்களா, கையில் இருப்பது சுவரைக் குடைந்த கோல் மட்டும்தானா என்று எதுவும் தெரியாது. கூப்பிட்டால் அக்கம்பக்கத்தார் எழுந்து வருவதற்குள் எதுவும் நடந்துவிடலாம். அந்த நேரத்தில் விழுந்த அடிக்குச் சட்டம் கணக்குக் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதற்குக் காரணம், அடித்தவரால் எதையும் நிதானித்துப் பார்த்திருக்க முடியாது என்பது. திருடனின் உயிர் மலிவானது என்பதல்ல.

அப்படியல்ல என்பதைத்தான் பகலைப் பற்றிய வாக்கியம் நிறுவுகிறது. பகலில் அதே சுவரில் அதே துளையை அதே ஆள் போடுகிறான். ஆனால் இப்போது அவன் முகம் தெரிகிறது. கையில் ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கூச்சல் போட்டால் ஊர் கூடும். அவன் யார் மகன் என்றுகூடத் தெரிந்திருக்கும். நாளைக்கு ஊர் வாசலில் மூப்பர்கள் முன் அவனை நிறுத்தலாம். இத்தனை வழி இருந்தும் கொன்றால், சிந்திய இரத்தத்துக்குக் கொன்றவர் பொறுப்பு. வீடு அவருடையதுதான், பொருளும் அவருடையதுதான், அத்துமீறியவன் திருடன்தான். இவை மூன்றும் சேர்ந்தும் அவரைக் காப்பாற்றவில்லை. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததே கொல்லப் போதுமான காரணம் என்று இச்சட்டம் கருதியிருந்தால், இரவுக்கும் பகலுக்கும் நடுவே கோடு போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இந்த இரு வசனங்களும் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் இருப்பது திருட்டுக்கு ஈடு கட்டும் கணக்கு. திருடிய மாட்டை அறுத்தாலோ விற்றாலோ ஐந்து மாடு, ஆட்டுக்கு நான்கு ஆடு, திருடியது உயிரோடு கையில் இருந்தால் இரட்டிப்பு. இந்தக் கணக்கின் நடுவில்தான் கன்னமிட்டவன் வருகிறான். திருட்டுக்கான தண்டனை இன்னது என்று சொல்லிக்கொண்டு வரும் சட்டம், இடையில் நிறுத்தி, அவன் உயிர் அந்தத் தண்டனைக்குள் அடங்காது என்கிறது. செத்தவனால் ஈடு கட்ட முடியாது. ஆகவே அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். கட்ட முடியாதவனை விற்பது என்பது இன்று நாம் ஏற்க முடியாத கொடுமை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த விற்பனைக்கும்கூட, முந்தின அதிகாரத்தின் தொடக்கத்தில் எபிரெய அடிமைக்கு ஆறு வருடம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஏழாம் வருடம் அவன் வெளியே வர வேண்டும். கொலையில் முடிந்த கணக்குக்கு ஏழாம் வருடம் ஏது?

சுற்றியிருந்த நாடுகளின் சட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். பாபிலோனில் ஹம்முராபியின் கல்தூண் சட்டத்தில் 21-ஆம் பிரிவு கன்னமிட்டவனைப் பற்றியது. அவனை அந்தத் துளைக்கு முன்பாகவே கொன்று தொங்கவிட வேண்டும். இரவு பகல் என்ற பேச்சே இல்லை. திருட்டின் பல வகைகளுக்கு அந்தச் சட்டத்தில் மரணம்தான் விடை. அதைவிடவும் பழைய எஷ்னுன்னா நகரச் சட்டம், பாக்தாத் அருகே தெல் ஹர்மலில் 1940-களில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் கிடைத்தது. அதில் இரவு பகல் வேறுபாடு இருக்கிறது. பகலில் பிறர் வீட்டுக்குள் பிடிபட்டவன் பத்து ஷேக்கல் வெள்ளி கட்ட வேண்டும். இரவில் பிடிபட்டவன் சாக வேண்டும். ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல விட்டது. பகல் திருடன் ஆயுதம் தூக்கினால்தான் கொல்லலாம் என்றது. ஆகவே இரவையும் பகலையும் பிரித்தது மோசேயின் சட்டத்துக்கு மட்டும் உரிய பெருமை என்று நான் சொல்லமாட்டேன். வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. எஷ்னுன்னாவின் சட்டம் திருடனை என்ன செய்வது என்று கேட்கிறது. யாத்திராகமம், கொன்றவரை என்ன செய்வது என்று கேட்கிறது. விசாரிக்கப்படுபவர் இங்கே வீட்டுக்காரர். அவரை விசாரித்து ஒரு சந்தர்ப்பத்தில் விடுவித்து, இன்னொரு சந்தர்ப்பத்தில் குற்றவாளியாக்கும் சட்டத்தை அவருக்கு வழங்கப்பட்ட உரிமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரத்தப்பழி என்பது இந்த நூல்களில் சாதாரணப் பேச்சு அல்ல. மனிதன் கடவுளின் சாயலில் உண்டாக்கப்பட்டதால்தான் மனித இரத்தம் கணக்குக் கேட்கப்படுகிறது என்று நோவாவின் காலத்திலேயே காரணம் சொல்லப்பட்டுவிட்டது. கொலைகாரனின் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கக்கூடாது என்கிறது எண்ணாகமம். வயலில் யாரென்று தெரியாத பிணம் கிடந்தால், பக்கத்து ஊர் மூப்பர்கள் வந்து தங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று அறிக்கையிட வேண்டும் என்கிறது உபாகமம். அதே உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம், புது வீடு கட்டுகிறவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாக வேண்டும் என்கிறது. கட்டாமல் விட்டு யாராவது விழுந்து செத்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல். விழுந்தவர் அழைக்கப்பட்டு வந்தவரா, அழையாமல் ஏறியவரா என்று அது கேட்கவில்லை. கடன் கொடுத்தவர் அடகு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்கிறது 24-ஆம் அதிகாரம். வீட்டின் வாசலுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை அதிகம் பெறுபவர் ஏழைக் கடனாளி. வீட்டுக்குள் ஒரு உயிர் போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். இந்த நூல்களில் வீடு இப்படித்தான் வருகிறது. கோட்டையாக எங்கே வருகிறது?

யூத ரபிகள் இந்த வசனத்தோடு நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். துப்பாக்கி ஆதரவாளர்கள் அந்த ரபிகளின் விவாதங்களைத் தாங்கிய தல்மூதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஓயாமல் சொல்வார்கள்: உன்னைக் கொல்ல வருபவனை நீ முந்திக்கொண்டு கொல் என்ற கருத்துடைய வாக்கியம். அது சன்ஹெத்ரின் பகுதியில் இந்தத் திருடனைப் பற்றிய விவாதத்தில் வருவது உண்மைதான். ஆனால் அந்த விவாதம் எப்படிப் போகிறது என்று அவர்கள் சொல்வதில்லை. நான்காம் நூற்றாண்டு பாபிலோனிய ரபியான ராவா, கேள்வியைப் பொருளிலிருந்து உயிருக்கு நகர்த்துகிறார். தன் பொருள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்கமாட்டார்; எதிர்த்து நிற்பார்; இது திருடனுக்கும் தெரியும்; எதிர்த்தால் கொல்வது என்ற முடிவோடுதான் அவன் வந்திருப்பான். ஆகவே அவன் கொல்ல வருபவன். பொருளுக்காகக் கொல்லலாம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு சுற்றி வர வேண்டியிருந்தது அவருக்கு.

அடுத்த கேள்வி, அப்படி எல்லாத் திருடனும் கொல்ல வந்தவன்தானா? பகலைப் பற்றிய வசனத்தை ரபிகள் உருவகமாகவும் எடுத்துக்கொண்டார்கள். வந்தவன் உன் உயிருக்கு விரோதி அல்ல என்பது வெயில்போல உனக்குத் தெளிவாக இருந்தால், கொல்லாதே. இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் நெஞ்சைத் தொடுகிறது: மகன் வீட்டில் தகப்பன் கன்னமிட்டால், மகன் அவரைக் கொல்லக்கூடாது. எவ்வளவு கெட்டுப்போன தகப்பனும் பெற்ற பிள்ளையைக் கொல்லமாட்டான். ராவ் என்னும் பெரிய ரபி, என் வீட்டில் கன்னமிடும் யாரையும் கொல்வேன், ஹனினா பார் ஷீலாவைத் தவிர, என்கிறார். ஒரு தகப்பன் மகன்மேல் இரக்கம் வைப்பதுபோல் அவர் என்மேல் இரக்கம் வைப்பவர் என்பதே காரணம். துளைக்குள் நுழைபவனின் முகத்தைப் பார், அவன் மனதில் என்ன இருக்கிறது என்று யோசி என்று வீட்டுக்காரருக்குப் பாடம் சொல்லும் மரபு இது.

அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. கொன்றால் பழி உண்டு என்ற வகைத் திருடன் ஓய்வுநாளில் கன்னமிடும்போது சுவர் இடிந்து அவன்மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது? இடிபாட்டை அள்ளிப்போட்டு அவனைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள் ரபிகள். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்ற கட்டளையைவிட, திருட வந்தவனின் மூச்சு பெரிது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ், கன்னமிட்டவனைக் கொன்றால் பழியில்லை என்பதை இரவோடு பகலுக்கும் நீட்டினார். இதை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் அவர் அங்கேயே வைத்த வேலிகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். திருடன் முதுகைத் திருப்பி வெளியேறத் தொடங்கிவிட்டால் அவனைக் கொல்வது இரத்தப்பழி. சுற்றிலும் ஆட்களோ சாட்சிகளோ கூடிவிட்டால் இரத்தப்பழி. தோட்டத்திலோ வயலிலோ தொழுவத்திலோ புகுந்தவனைக் கொன்றாலும் இரத்தப்பழி. அங்கே உரிமையாளர் இருக்கமாட்டார் என்பதால் அவன் பொருளுக்காக மட்டுமே வந்தவன். இவ்வளவு வேலி போட்டும், பகலுக்கு நீட்டியதை அவர் காலத்தவரான போஸ்கியேர் ஊர் ரபி ஆபிரகாம் பென் தாவீது ஏற்கவில்லை. ரபிகள் உருவகமாகப் பொருள் சொன்னாலும் வசனத்தின் நேர்ப்பொருள் போய்விடாது. பகலில் வருபவன் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடவே வருகிறான், அவனைக் கொல்ல அனுமதியில்லை என்று மறுத்து எழுதினார். துரத்தி வரும் கொலைகாரனை நிறுத்துவதில்கூட, ஒரு கையையோ காலையோ அடித்துத் தடுக்க முடிந்தும் கொன்றவர் கொலைக்குற்றவாளி என்பது தல்மூதிலேயே உள்ள விதி.

இப்போது டெக்சஸ் மாநிலத்தின் தண்டனைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரவில் திருடிய பொருளோடு ஓடுபவனைத் தடுக்க, சில நிபந்தனைகளோடு, கொல்லும் அளவு பலத்தைப் பயன்படுத்த அது விடுகிறது. முதுகு காட்டி ஓடுபவன், கையில் பொருள், உயிருக்கு ஆபத்து என்ற பேச்சே தேவையில்லை. இரவு என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருப்பதைப் பார்த்து வேதத்தின் சாயல் என்று மகிழ்கிறவர்கள், இரவுக்கு வேதம் விலக்கு அளித்த காரணத்தைத் தொலைத்துவிட்டார்கள். ஓடுபவனைக் குறிபார்க்க முடிகிறதென்றால் அங்கே இருட்டும் இல்லை, பயமும் இல்லை. 2005-இல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டமோ, ஒருவர் பலவந்தமாக வீட்டுக்குள் நுழைந்தாலே வீட்டுக்காரர் நியாயமான உயிரச்சத்தில் இருந்தார் என்று தானே அனுமானித்துக்கொள்கிறது. இந்த அனுமானத்தை இருளுக்குள் மட்டும் நிறுத்தியது யாத்திராகமம்.

2007-இல் டெக்சஸின் ஒரு புறநகரில் நடந்தது நினைவிருக்கலாம். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் ஜன்னலை உடைத்துப் புகுவதைப் பட்டப்பகலில் பார்த்தார் ஒருவர். அவசர எண்ணுக்குப் போன் செய்தார். வெளியே போகாதீர்கள், எந்தப் பொருளும் ஒரு உயிருக்கு ஈடாகாது என்ற பொருளில் மறுமுனையில் இருந்தவர் திரும்பத் திரும்பக் கெஞ்சினார். போன் இணைப்பில் இருக்கும்போதே, அழைத்தவர் துப்பாக்கியோடு வெளியே போய்ச் சுட்டார். இரண்டு பேரும் இறந்தார்கள். மறு ஆண்டு பெருநடுவர் குழு அவர்மேல் குற்றம் சாட்ட மறுத்தது. வீடு அவருடையதல்ல, பொருள் அவருடையதல்ல, வெளிச்சம் இருந்தது, போலீஸ் வந்துகொண்டிருந்தது. மோசேயின் சட்டத்தில் நின்று அவரை விடுவிக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

மினசோட்டாவின் ஒரு சிற்றூரில் 2012 நவம்பரில், நன்றியறிதல் நாளன்று நண்பகலில் நடந்தது இதைவிடக் கொடியது. அடிக்கடி திருட்டுப் போன வீடு அது. வீட்டுக்காரரின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அவர் தன் வண்டியை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று தோன்றச் செய்தார். நிலவறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தின்பண்டம், தண்ணீர், துப்பாக்கிகள், ஓடிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவுக் கருவி. ஜன்னலை உடைத்து இறங்கிய 17 வயதுப் பையனைச் சுட்டார். சில நிமிடம் கழித்து அவனைத் தேடி இறங்கிய 18 வயது உறவுக்காரப் பெண்ணையும் சுட்டார். விழுந்த பிறகும் சுட்டார். மறுநாள்வரை போலீசுக்குச் சொல்லவில்லை. இருவரிடமும் ஆயுதம் இல்லை. 2014-இல் நடுவர் குழு அவரைக் கொலைக்குற்றவாளி என்று தீர்த்தது. ஆயுள் தண்டனை கிடைத்தது. யாத்திராகமம் 22:2 மட்டும்தான் சட்டம் என்றால், அவர் நிரபராதி. வீடு அவருடையது, புகுந்தவர்கள் திருடர்கள், கன்னமிடும்போதே அகப்பட்டார்கள். அவரைக் குற்றவாளி என்று சொல்ல 3-ஆம் வசனம் வேண்டும். அந்த நடுவர் குழுவினர் வேதத்தைத் திறந்து பார்த்தார்களோ இல்லையோ, பல பிரசங்க மேடைகளைவிட அதற்கு நெருக்கமாக நின்றார்கள்.

3-ஆம் வசனத்தைச் சந்திக்கத் துணிந்த சிலர் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பகல் என்றால் மறுநாள் என்று பொருளாம். இரவில் தப்பிய திருடனை மறுநாள் தேடிப்பிடித்துக் கொல்வதைத்தான் வசனம் தடுக்கிறதாம். பகலில் வீட்டுக்குள் வந்தவனைக் கொல்வதை அல்லவாம். அக்கம்பக்கத்து நாடுகளின் சட்டங்கள் இரவில் பிடிபட்டவனையும் பகலில் பிடிபட்டவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, யாத்திராகமம் மட்டும் வேறொரு நாளுக்குத் தாவுகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும் இவர்களுக்கு என்ன லாபம்? ஆபத்து விலகியபின் பொருளுக்காகக் கொல்வது இரத்தப்பழி என்பது அப்போதும் அப்படியே நிற்கிறது.

மற்ற ஆதாரங்கள் இன்னும் மெலிந்தவை. நெகேமியாவின் காலத்தில் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் ஒரு கையில் ஆயுதம் பிடித்தார்கள் என்பார்கள். அவர்கள் பெர்சிய அரசன் நியமித்த ஆளுநரின் கட்டளைப்படி, படையெடுத்து வருவதாக வெளிப்படையாக மிரட்டிய எதிரிகளுக்கு முன் நின்றவர்கள். அந்த அதிகாரத்தில் ஒரு சொட்டு இரத்தமும் சிந்தவில்லை. எஸ்தரின் நாளில் யூதர்கள் தற்காத்துக்கொண்டதைச் சொல்வார்கள். அவர்கள் கொள்ளைப் பொருளில் கைவைக்கவில்லை என்று அந்தப் புத்தகம் மூன்று முறை எழுதியிருப்பதைச் சொல்லமாட்டார்கள். ஆயுதம் தரித்துத் தன் அரண்மனையைக் காக்கும் பலவானைப் பற்றி லூக்கா 11-இல் இயேசு பேசுகிறார், அதுவே வீட்டுப் பாதுகாப்புக்கு அங்கீகாரம் என்பார்கள். அந்த உவமையில் பலவான் என்பது பிசாசு. அவனைவிடப் பலமுள்ளவர் புகுந்து அவனுடைய ஆயுதங்களைப் பறிக்கிறார் என்பதே கதை. எந்த இடத்தில் தங்களை நிறுத்திக்கொள்கிறோம் என்று யோசிக்காமலே மேற்கோள் காட்டுகிறார்கள்.

லூக்கா 22 இவற்றைவிடக் கனமானது. வஸ்திரத்தை விற்றாவது ஒரு பட்டயம் வாங்கச் சொன்னார் இயேசு. சீடர்கள் இரண்டு பட்டயம் காட்டியதும் போதும் என்றார். அதன் பொருள் பற்றிப் பல விளக்கங்கள் உண்டு. எதையும் நான் அறுதியிட மாட்டேன். ஆனால் அன்றிரவே நடந்தது என்ன? ஆயுதங்களோடும் தீப்பந்தங்களோடும் அவரைப் பிடிக்க வந்தார்கள். சீடர் ஒருவர் பட்டயத்தை உருவிப் பிரதான ஆசாரியரின் வேலைக்காரனுடைய காதை வெட்டினார். இயேசு தடுத்து, அந்தக் காதைத் தொட்டுச் சுகப்படுத்தினார். அந்தப் பட்டயத்தின் பெயரால் இன்று துப்பாக்கி விற்பவர்கள், அது பயன்படுத்தப்பட்ட ஒரே தருணத்தில் இயேசு செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும்.

திருச்சபையின் நீண்ட வரலாறும் இவர்கள் பக்கம் இல்லை. அகஸ்தீன், போர்வீரரோ பொது அதிகாரியோ அல்லாதவர் தன் உயிரைக் காக்கக்கூடப் பிறரைக் கொல்வதை ஏற்கத் தயங்கினார். அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இதே யாத்திராகம வசனத்தை எடுத்துவைத்துத் தற்காப்பை ஏற்றார். ஆனால் தேவைக்கு மேற்பட்ட பலம் கூடாது என்றும், கொல்வதையே நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்றும் எல்லை வைத்தார். 1679-இல் பதினோராம் இன்னசென்ட் போப், ஒரு பொற்காசைக் காக்கத் திருடனைக் கொல்லலாம் என்ற கருத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இன்று மேடைகளில் முழங்குவது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கப்பட்ட அந்தப் பொற்காசு வாதம்தான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கோடு உண்டு. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 103-ஆம் பிரிவில், இரவில் வீடு உடைத்துப் புகுபவனுக்கு எதிரான தற்காப்பு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் போகலாம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு அதையே சூரியன் மறைந்தபின், உதிக்குமுன் என்று சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்ற வேலிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. வேதத்தை முழுவதும் வாசிக்கிற ஒருவருக்கு இந்த வேலிகள் அந்நியமாகத் தோன்றாது.

வேதத்தில் இல்லாத ஓர் உரிமையை வேதத்தின் பெயரால் போதிப்பது போதகர்களுக்கு அடுக்காது. துப்பாக்கி வைத்திருப்பதா வேண்டாமா என்பதை அவரவர் நாட்டுச் சட்டத்தோடும் தங்கள் மனச்சாட்சியோடும் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த வசனத்தை மேடையில் எடுக்கிறவர்கள், மினசோட்டாவின் அந்த இரு பிள்ளைகளின் பெற்றோரும் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வசனங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.